துப்பியதை ஒரு நொடி பாருங்கள்

"வெத்தலைச் சாறுன்னு நெனச்சேன் டாக்டர்" என்றார் அந்த அண்ணன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கிறவர். மூன்று வாரமாக இருமல். வாயில் எந்நேரமும் வெற்றிலை என்பதால் சிவப்பாகத் துப்பியதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோளில் கிடந்த துண்டை வாங்கி விரித்துப் பார்த்தேன். வெற்றிலைக் கறை காவியாகப் பரவிக் கிடந்தது. ஓரத்தில் இருந்தது வேறு: காய்ந்துபோன கெட்டிச் சளி, அதில் நூல் நூலாக ரத்தம்.

"சளி என்ன நிறம்?" என்று கேட்டால் பலரும் "பாக்கலையே" என்கிறார்கள். அருவருப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு முதலில் சொல்வது அந்தச் சளிதான்.

பச்சையாக வந்துவிட்டது என்று மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள். அது கிருமியின் நிறம் அல்ல. கிருமியோடு போராட வந்த வெள்ளையணுக்களில் உள்ள நொதியின் நிறம். சாதாரண வைரஸ் சளியிலும் வரும். காய்ச்சலோடு துரு நிறத்தில் வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். நாற்றமடித்தால் நுரையீரலில் சீழ் கட்டியிருக்கலாம். இளஞ்சிவப்பு நுரையாக வந்து, படுக்கவே முடியாமல் மூச்சுத் திணறினால் பெரும்பாலும் இதயம் தளர்ந்துவிட்டது என்று பொருள். உடனே 108-ஐ அழையுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது சத்தமில்லாமல் வரும் சளி. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கும் அம்மா ஒருவர், "பல்லு வெளக்கும்போது கொஞ்சம் வரும், அது பழகிப்போச்சு" என்றார். பீடியைத் தொட்டதில்லை, வேலையிடத்திலும் வீட்டிலும் புகைதான். ஆண்டுக்கு 3 மாதம், தொடர்ந்து 2 ஆண்டு சளியோடு இருமினால் அது நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. நுரையீரலின் திறனை அளக்கும் கருவியின் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தபோது அவரால் படி ஏறுவது ஏன் முடியவில்லை என்பது தெரிந்தது.

சளியில் ரத்தம் என்றால் எல்லாமே காசநோய் அல்ல. புகைப்பவர்களுக்குப் புற்றுநோயாகவும் இருக்கலாம். எதுவானாலும் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலே சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அந்த அண்ணன் முதலில் கொடுத்த டப்பாவில் இருந்தது வெறும் எச்சில். அதை வைத்துச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, காற்றோட்டமான இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தது சரியான சளி. காசநோய் உறுதியானது. 6 மாத மாத்திரையில் இது நான்காவது மாதம். ஒரே அறையில் படுக்கும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அவரே பரிசோதனைக்குக் கூட்டி வந்தார்.