பூர்வீக நிலத்தில் மகளுக்குப் பங்கு உண்டா?

"நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இன்னும் நிலத்தில் என்ன பங்கு?" தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பாகப்பிரிவினைப் பேச்சு எடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சட்டத்தின் பதில் சுருக்கம்: சீர் கொடுத்தது பங்கு கொடுத்ததாகாது.

இந்துக் குடும்பங்களில் பழைய ஏற்பாடு மிதாக்ஷரம் என்ற பழைய சட்ட நூலின் வழி. பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு, மகளுக்குக் கிடையாது. வெள்ளைக்காரர் கால நீதிமன்றங்கள் இந்த ஏட்டையே பெரும்பாலும் சட்டமாகப் பிடித்துக்கொண்டன. பக்கத்துக் காரைக்காலில் கதை வேறு. அங்கே பிரெஞ்சு ஆட்சியில் தகப்பன்தான் முழுச் சொந்தக்காரர், மகனுக்கே பிறப்புரிமை இல்லை. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963-ல்தான் அங்கே போனது. அப்போதும் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றிருந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு விலக்கு.

1956 சட்டம் தகப்பனின் சுயார்ஜிதத்தில் (அவரே சம்பாதித்த சொத்தில்), அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்தின் பிறப்புரிமையைத் தொடவில்லை. தமிழ்நாடு 1989-ல் அதையும் மகள்களுக்குக் கொடுத்தது. ஆனால் 25.3.1989-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. மூத்த அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற வேடிக்கை பல வீடுகளில் நடந்தது. 9.9.2005-ல் வந்த மத்தியத் திருத்தம்தான் கல்யாணத் தேதியைப் பார்க்காமல் மகளை மகனுக்குச் சமமாக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது.

சரி, எங்கே கிடைக்காது? 20.12.2004-க்கு முன்பே பத்திரம் பதிந்து முடிந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும் கிளற முடியாது. "அப்பவே வாய்மொழியாப் பிரிச்சாச்சு" என்று சும்மா சொன்னால் நீதிமன்றம் எளிதில் ஏற்காது. சுயார்ஜிதத்தை அப்பா உயிலில் யாருக்கும் எழுதலாம்.

பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறதே என்று பின்வாங்க வேண்டாம். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தீர்மானிக்காது. கவனமாக இருக்க வேண்டியது, உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில்தான். "பேங்க் லோனுக்கு ஒரு கையெழுத்து" என்று பதிவு அலுவலகத்துக்குக் கூப்பிட்டால், பத்திரத்தை முழுசாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். பதிவானபின் ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.