பையில் எடுத்துப்போகும் சால்டரிங் அயர்ன்: முதலில் பவர் பேங்கைப் பாருங்கள்

பெட்டியில் 65 வாட் என்று அச்சடித்த சால்டரிங் அயர்ன் (ஒயரையும் போர்டையும் ஒட்டவைக்கும் சூட்டுக்கோல்), உங்கள் பவர் பேங்கில் செருகியதும் 10 வாட் அயர்னாகச் சுருங்கிவிடலாம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வெளியூர் வேலைக்கு அயர்ன் தேடுகிறவர்கள் அயர்னைப் பற்றி நாள்கணக்கில் படிக்கிறார்கள். அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரப்போகிறது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். காசு வீணாவது அங்கேதான்.

கணக்கு சின்னது. மினிவேர் டிஎஸ்100, பைன்64-இன் பைன்சில் போன்ற பேனா வகை அயர்ன்களில் பிட்டும் (சூடாகும் முனை) ஹீட்டரும் ஒரே துண்டு. அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 8 ஓம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் வாட் வந்துவிடும். 9 வோல்ட்டில் 10 வாட், 12-இல் 18, 15-இல் 28, 20-இல் 50. சாதாரண 5 வோல்ட்டில் வெறும் 3 வாட். அது லெட்டை (ஒட்டுவதற்கு உருக்கும் சால்டர் கம்பியை) உருக்காது, பிட்டை வெதுவெதுப்பாக்கும், அவ்வளவுதான்.

10 வாட் போதாதா என்று கேட்கலாம். இயர்போன் ஒயரோ சின்ன எல்இடியோ என்றால் போதும். ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டில் டிசி ஜாக்கின் (கரண்ட் செருகும் துளையின்) கிரவுண்ட் கால் விட்டுப்போயிருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கால் தடிமன். அது இறங்கியிருக்கும் இடமோ போர்டின் பாதியை மூடிய செம்புத் தகடு. பிட்டை வைத்த நொடியில் செம்பு சூட்டை எல்லாத் திசையிலும் இழுக்கும். அயர்னின் சின்னத் திரையில் 340 டிகிரி என்று நின்ற எண் மளமளவென்று 230-க்கு இறங்கும். இறங்கிய சூட்டை எவ்வளவு வேகமாகத் திரும்ப ஏற்ற முடிகிறது என்பதுதான் வாட். 50 வாட்டில் சில விநாடியில் லெட் பளபளவென்று காலைச் சுற்றி ஓடிவிடும். 10 வாட்டில் அது கூழ் மாதிரி நிற்கும், உருகியும் உருகாமலும். பொறுமை இழந்து சூட்டை 420-க்கு ஏற்றி அழுத்திப் பிடித்தால் நடப்பது இரண்டில் ஒன்று: பேடு (காலை ஒட்டும் செம்புப் பொட்டு) போர்டைவிட்டுக் கிளம்பி வரும், அல்லது மேலே மட்டும் ஒட்டிய டிரை சால்டர் கிடைக்கும். பேருந்தில் வீடு வந்து சேர்வதற்குள் அது மறுபடி விட்டிருக்கும்.

அதனால் பவர் பேங்கின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகளைப் படியுங்கள். முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் 22.5 வாட் இங்கே உதவாது. பெரும்பாலும் அது போன்களுக்கான தனிவகை வேகச் சார்ஜ் கணக்கு. டைப்-சி போர்ட்டின் பவர் டெலிவரி (கேட்கும் கருவிக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் முறை) வரிசையில் 20 வோல்ட் இருக்கிறதா, இருந்தால் அதன் பக்கத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 20 வாட் பவர் பேங்குகள் பொதுவாக 9 அல்லது 12 வோல்ட்டோடு நின்றுவிடும். 45 வாட் என்றாலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் 20 வோல்ட்டுக்கு 2.25 ஆம்பியர்தான் வரும். 8 ஓம் பிட்டோ 2.5 ஆம்பியர் கேட்கும். அயர்ன் அதைக் கணக்குப் பார்த்து 15 வோல்ட்டிலேயே நின்றுவிட வாய்ப்புண்டு. 20 வோல்ட், 3 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருந்தால் கவலையில்லை. பைன்சிலின் இரண்டாம் பதிப்புக்கு வரும் 6.2 ஓம் குட்டை பிட்டுகள் 3.2 ஆம்பியர் இழுக்கும். அவற்றுக்கு முழு 65 வாட் தேவை.

கையில் இருப்பது 20 வாட் பவர் பேங்க்தான், புதிதாக வாங்க மனமில்லை என்றால் டிஎஸ்80 வகையைப் பாருங்கள். அதன் பிட் சுமார் 4.5 ஓம், 9 வோல்ட்டிலேயே 18 வாட் தந்துவிடும். ஆனால் அதன் பிட் வேறு எதிலும் பொருந்தாது, நினைத்த முனையில் தேடினால் எளிதில் அகப்படுவதும் இல்லை.

இன்னும் சில தொல்லைகள் உண்டு. சும்மா வைத்ததும் அயர்ன் தூங்கும்போது மிகக் கொஞ்சம் கரண்ட்தான் இழுக்கும்; பவர் பேங்க் ‘வேலை முடிந்தது’ என்று எண்ணி அணைந்துவிடும். பைன்சிலில் ஓடும் அயர்ன்ஓஎஸ் மென்பொருளில் இதற்கென்றே ‘பவர் பல்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் அவ்வப்போது ஒரு துளி கரண்ட் இழுத்து பவர் பேங்கை விழிப்பாக வைத்திருக்கும். இரண்டாவது, அயர்ன் ஓடும்போது அதே பவர் பேங்கின் இன்னொரு போர்ட்டில் போனைச் செருகாதீர்கள். பலவற்றில் உடனே வோல்ட் இறங்கிவிடும். வேலை நடுவே லெட் திடீரென்று கெட்டியானால் முதலில் திரையில் உள்ளே வரும் வோல்ட்டைப் பாருங்கள், பிட்டைத் திட்டாதீர்கள். மூன்றாவது கேபிள். சாதாரண பிவிசி கேபிள் பிட் பட்டதும் உருகிவிடும். விறைப்பாக நின்று கையையும் இழுக்கும். சிலிகான் உறை போட்ட, ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்றை அயர்னோடேயே சுற்றி வையுங்கள்.

எவ்வளவு நேரம் ஓடும்? 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது 74 வாட்-மணி. மாற்று இழப்பு போக 60 கையில் நிற்கும் என்று கொள்ளலாம். சூடேறும்போது 50 வாட் இழுத்தாலும் நிலைக்கு வந்த பிறகு தேவை மிகக் குறைவு. சராசரி 12 வாட் என்று வைத்தால் 5 மணி நேரம். வெளியிடத்து ரிப்பேருக்கு இது தாராளம்.

ஆன்லைனில் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 5 வோல்ட், 8 வாட் யுஎஸ்பி அயர்ன்களை முற்றிலும் ஒதுக்கத் தேவையில்லை. அவற்றின் பிட் அந்த 5 வோல்ட்டுக்கென்றே செய்தது என்பதால் மெல்லிய ஒயர் வேலைக்கு ஈடுகொடுக்கும். மேலே சொன்ன கிரவுண்ட் காலுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

கேஸ் அயர்னுக்கு ரசிகர்கள் அதிகம். ஒயர் இல்லை, தடித்த கேபிளையும் சமாளிக்கும், அதே வெப்பத்தில் ஒயர் இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் சுருங்கும். ஆனால் சூட்டை அளந்து வைக்க வழியில்லை. எரிந்த காற்று பிட்டுக்குப் பின்னால் இருக்கும் துளை வழியே பக்கவாட்டில் வரும். நீங்கள் பிட்டின் முனையைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து பிளாஸ்டிக் கனெக்டர் வளைந்துவிடும். அடைத்த அறையிலோ கார் உள்ளேயோ எரிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பயணத்துக்கு அது ஆகாது: தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவது 1989 ரயில்வே சட்டத்தின் 67, 164 பிரிவுகளின்படி குற்றம், பியூட்டேன் ரீஃபில் கேனை விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், செக்-இன்னிலும் விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர் எதிர். அது கைப்பையில்தான் போகவேண்டும், 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 30,000 எம்ஏஎச் என்றால் 111 வாட்-மணி. விமான நிறுவனத்தின் அனுமதி கேட்கவேண்டிவரும். அயர்னைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுவது வம்பில்லாத வழி.

டிரோன், ரிமோட்டில் ஓடும் ஆர்சி கார் ஓட்டுகிறவர்களுக்கு லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பழகிய பொருள், அயர்னை அதிலும் ஓட்டலாம். 4எஸ், அதாவது நான்கு செல் வரிசையாக இணைத்த பேக் 14.8 வோல்ட், களத்தில் பேட்டரியின் எக்ஸ்டி60 கனெக்டரை மாற்ற அது ஓரளவு போதும். 6எஸ் முழுச் சார்ஜில் 25.2 வோல்ட் வரும், 24 வோல்ட் வரம்புள்ள அயர்னில் போடாதீர்கள். அயர்னின் மெனுவில் செல் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் பேட்டரி அடிமட்டத்துக்குப் போகுமுன் அயர்ன் தானே நின்றுகொள்ளும்; சொல்லாமல் விட்டால் பேக் செத்துவிடும். பேட்டரியை அயர்னில் செருகுவதற்கான டிசி பின் 5.5 × 2.5 மில்லிமீட்டர். கடையில் சாதாரணமாக எடுத்துத் தருவது 5.5 × 2.1, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே நுழையாது. பைன்சிலில் டிசி பின்னையும் டைப்-சியையும் ஒரே நேரத்தில் செருகவும் கூடாது.

பவர் பேங்கில் வேலை செய்வதற்கு இன்னொரு லாபம், அது மெயின்ஸோடு ஒட்டாதது. இரண்டு பின் சார்ஜரில் ஓடும் அயர்னின் பிட்டில் லேசான கசிவு மின்சாரம் நிற்கும்; விரலில் சுருக்கென்று தெரிவது அதுதான். மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்), சென்சார் போன்றவற்றுக்கு அது கேடு. டிஎஸ்100-இன் பின்பக்கம் எர்த் ஒயர் பூட்ட ஒரு திருகாணி வைத்திருப்பது இதற்காகத்தான். எந்த மூலத்தில் ஓட்டினாலும், ரிப்பேர் செய்யும் பொருளின் பேட்டரியை முதலில் கழற்றிவிடுங்கள். வீங்கிய லித்தியம் பேட்டரி கண்ணில் பட்டால் மூடி வைத்துவிடுங்கள். 18650 எனப்படும் உருளை லித்தியம் செல்லின் மேல் நேராக லெட் வைப்பதும் வேண்டாம், அந்தச் சூடு உள்ளே போய் செல்லைக் கெடுக்கும்.

அயர்னோடு வரும் கூர்முனை பிட் படத்துக்கு அழகு. ஊசிமுனை சூட்டைச் சரியாகக் கடத்தாது. 2.4 மில்லிமீட்டர் உளி முனையான டி24 அல்லது கத்தி முனையான கே, இரண்டில் ஒன்று வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். பிட்டை மாற்றியதும் பக்கவாட்டுத் திருகை இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் திரையில் வெப்ப எண் தாறுமாறாக ஆடும். லெட் 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37 பங்கு), 0.8 மில்லிமீட்டர், 183 டிகிரியில் உருகும், அயர்னை 320 முதல் 340 வரை வைத்தால் சரி. ஈயமில்லாத லெட் போட்ட போர்டுக்கு 350-370. பிட்டைத் துடைக்கப் பித்தளைச் சுருள் ஒரு சிறு டப்பாவில். பாத்திரம் தேய்க்கும் இரும்புச் சுருள் பிட்டின் மேல்பூச்சைச் சுரண்டிவிடும். குழாய் வேலைக்கான ஆசிட் பேஸ்ட் போர்டில் படவே கூடாது.

வெளியிடத்தில் மின்சாரம் நிச்சயம் உண்டு என்றால் இதெல்லாம் எதற்கு? வீட்டில் இருக்கும் 25 வாட், 230 வோல்ட் அயர்னையே கொண்டுபோகலாம். அது ஆற வெகுநேரம் ஆகும் என்பதுதான் குறை. பேனா அயர்ன் சில நிமிடத்தில் ஆறிவிடும். அப்போதும் திரையில் 50 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே மூடியைப் போட்டு, கேபிளைக் கழற்றி, பையில் வையுங்கள். கேபிள் செருகியபடியே பைக்குள் போனால், ஏதோ ஒன்று பொத்தானை அழுத்த அங்கேயே சூடேறத் தொடங்கிவிடும். லெட் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட் அந்தப் பையிலேயே இருக்கட்டும்.