ராட் அயர்ன் வேலி: தேனிரும்பா, கிராதியா?

வீட்டுக்கு இரும்பு வேலி போடலாம் என்று விசாரித்தால் முதலில் காதில் விழும் பெயர் ‘ராட் அயர்ன்’. கம்பியைச் சொல்லும் ‘ராடு’தான் இது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. ‘வேலை செய்’ என்பதற்கான ஆங்கில வினையின் (work) பழைய இறந்தகால வடிவம் (wrought) இது. உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துப் பக்குவப்படுத்திய இரும்பு என்று பொருள்.

தமிழில் இதற்கான கலைச்சொல் தேனிரும்பு. பள்ளிப் பாடத்தில் வார்ப்பிரும்பு, எஃகு, தேனிரும்பு என்று மூன்றும் சேர்ந்தே வரும். வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல். உருக்கி அச்சில் ஊற்றலாம், ஓங்கி அடித்தால் உடையும். தேனிரும்பில் கார்பன் 0.1 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அடிக்கலாம், வளைக்கலாம், முறுக்கலாம். அதற்குள் கசடு இழை இழையாக ஓடும். பாதி அறுத்துவிட்டு வளைத்து முறித்தால், பிளந்த விறகுபோல நார் தெரியும். இயற்பியலில் மின்காந்த உள்ளகமாக வருகிற ‘தேனிரும்பு’, எளிதில் காந்தமாகி எளிதில் காந்தம் இழக்கும் இரும்பு. ஒரே சொல்லை இரண்டு துறைகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

இங்கிலாந்தின் ஹென்றி கார்ட் 1784இல் காப்புரிமை பெற்ற முறையால் தேனிரும்பு பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. 1889இல் திறந்த ஈஃபிள் கோபுரமும் இந்த வகை இரும்புதான். ஆனால் 1856இல் வந்த பெசமர் முறை எஃகை மலிவாக்கிவிட்டது. அடுத்த நூற்றாண்டில் தேனிரும்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பெயர் மட்டும் போகவில்லை. பொருளை விட்டு வேலைப்பாட்டுக்குத் தாவிவிட்டது. சுருளும் முறுக்கும் ஈட்டிமுனையும் இருந்தால் ராட் அயர்ன், அவ்வளவுதான். கம்பி பெரும்பாலும் மென் எஃகு, பட்டறையில் சொல்கிற ‘எம்.எஸ்.’. ஈட்டிமுனை பல நேரம் வார்ப்பிரும்பு.

ஆகவே இன்று விற்கிற வேலியைத் ‘தேனிரும்பு வேலி’ என்று மொழிபெயர்ப்பது சரியல்ல. அந்தப் பெயர் பழைய, உண்மையான தேனிரும்பு வேலிகளுக்கு இருக்கட்டும். புதியதற்கு ‘இரும்புக் கிராதி’ போதும். கிராதி போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல். தனித்தமிழ் வேண்டுவோருக்குக் ‘கம்பியழி’ இருக்கிறது. அழிக்கதவு என்பதில் வருகிற அதே அழி. ஆனால் ‘அழி’ என்றதும் பலருக்கு அழிப்பதுதான் நினைவுக்கு வரும் என்பதால் நான் கிராதி பக்கம்.

சரி, வாங்கும்போது பெயரை விட்டுவிட்டு, முழுக் கம்பியா குழாயா என்று கேளுங்கள். 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்குச் சுமார் 1.13 கிலோ. 25 மி.மீ. சதுரக் குழாய், சுவர் 1.2 மி.மீ. என்றால், பார்வைக்கு இரு மடங்கு தடிமனாக இருந்தும் 0.9 கிலோதான். குழாய்தான் என்று முடிவானால், முனைகளை மூடிப் பற்றவைத்திருக்கிறார்களா, துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சு உள்ளேயும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கித் துரு அரிக்க ஆரம்பித்தால், பெயின்ட் உப்புகிற வரை வெளியே தெரியாது.