ஸ்மாக் என்றால் புகைப்பனியா?

நவம்பர் முதல் வாரத்தில் கும்பகோணத்திலிருந்து அத்தை போன் செய்தார். "டில்லியில ஒரே புகைப்பனியாமே, டிவியில காட்டுறான். ஸ்வெட்டர் போடாம வெளியே போகாதே" என்றார். டில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் அப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பகலில் முப்பது டிகிரியை ஒட்டிய வெயில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் சாம்பல் பூசியதுபோல் தெரிந்தது, தொண்டை கரகரத்தது, கண் எரிந்தது. குளிர் மட்டும் இல்லவே இல்லை.

அத்தையைக் குறை சொல்லமாட்டேன். திரையில் 'பனி' என்று ஓடினால் ஸ்வெட்டர்தான் யாருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டு நாள் கழித்து, எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. 'கடும் புகைப்பனி நிலவுவதால் முதியோரும் குழந்தைகளும் கம்பளி ஆடை அணிந்து செல்லவும்.' முகக்கவசம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்த பிறகுதான் இதை எழுதியே தீரவேண்டும் என்று தோன்றியது.

ஸ்மாக் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் தமிழில் புகைப்பனி ஆக்கியிருக்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்மோக் என்ற புகையின் தலையையும், ஃபாக் என்ற மூடுபனியின் வாலையும் ஒட்டிச் செய்த சொல் ஸ்மாக். அதைப் பரவச் செய்தவர் ஹென்றி ஆன்ட்வான் தெ வூ என்ற மருத்துவர். நிலக்கரிப் புகையைக் குறைக்கப் பாடுபட்ட சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருந்தவர். 1905-ல் லண்டனில் அவர் பேசியபோது அந்த நகரத்துக்கு இந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்தியது. தேம்ஸ் கரையில் மூடுபனி உண்மையாகவே இறங்கும். வீட்டுக்கு வீடு எரியும் கரியின் புகை அந்தப் பனித்துளிகளில் கரையும். கந்தக டை ஆக்சைடு நீரோடு சேர்ந்து அமிலமாகும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நகரத்தை மூடிய அந்தக் கலவையால் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள் என்று முதலில் கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அது 12,000 வரை இருக்கலாம் என்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அங்கே புகையும் இருந்தது, பனியும் இருந்தது. சரி.

அடுத்து இந்தச் சொல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. அங்கே நல்ல வெயிலில், நடுப்பகலில் கண் எரிந்தது. ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். வாகனங்களும் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளியிடும் வாயுக்கள் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். அந்தக் கலவையில் பனிக்கு வேலையே இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் பெயரை மாற்றவில்லை. சொல்லின் வாலில் இருந்த மூடுபனி அவர்களுக்கு மறந்தே போய்விட்டது. அவர்களே மறந்த ஒன்றை நாம் ஏன் தேடி எடுத்துத் தமிழில் ஒட்டவைக்கிறோம்? என் முதல் கேள்வி இதுதான்.

'புகைப்பனி'யை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம், மூலச்சொல்லில் இரண்டு பகுதி இருக்கிறது, அதனால் தமிழிலும் இரண்டும் இருக்கவேண்டும் என்பது. கலைச்சொல் ஆக்குபவர்களிடம் இந்தப் பழக்கம் வேரோடிவிட்டது. மூலச்சொல்லைப் பிரித்துப்போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் நேர்ச்சொல் தேடி, திரும்ப ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பொருளைப் போய்ப் பார்ப்பதில்லை. ஒட்டும்போதாவது தமிழ் எப்படி ஒட்டும் என்று பார்த்திருக்கலாம். நம் தொகைச்சொற்களில் பெரும்பாலும் கடைசியில் நிற்பதுதான் பொருள், முன்னால் வருவது அதன் அடையாளம். மோர்க்குழம்பு என்பது குழம்பு. தேங்காய்ப்பால் என்பது பால். அப்படியானால் புகைப்பனி என்பது பனி, கொஞ்சம் புகை கலந்த பனி. அத்தை அதைப் பனி என்று எடுத்துக்கொண்டது அவர் தவறே இல்லை, அவர் தமிழ் இலக்கணப்படி சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

ஒரு நண்பர் இதற்கு எதிர்வாதம் சொன்னார். புகைவண்டியில் இன்று புகை இல்லை, அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளவில்லையா என்றார். வைத்திருக்கிறோம்தான். ஆனால் புகைவண்டி என்று சொன்னதால் யாரும் தவறான வண்டியில் ஏறுவதில்லை. அங்கேயும் கடைசியில் நிற்பது வண்டி, அது உண்மை. புகைப்பனியில் கடைசியில் நிற்பதே பொய். அந்தப் பொய்யை நம்பி ஒருவர் என்95 முகக்கவசத்துக்குப் பதிலாக மஃப்ளரைக் கட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போகிறார்.

இன்னொன்று, 'பனி' சாதாரணச் சொல் இல்லை. பனித்துளி, மூடுபனி, உறைபனி, பனிக்கட்டி, பனிமலை என்று எல்லாவற்றுக்கும் நமக்கு அது ஒன்றுதான். அத்தனையிலும் பொதுவாக இருப்பது குளிர்ச்சி. பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குவது. கண் பனித்தது என்றால் ஈரம். ஆறு பருவங்களில் முன்பனியும் பின்பனியும் இரண்டு. மார்கழிப் பனி என்று சொன்னாலே விடியற்காலைக் கோலமும் கோயில் பொங்கலும் நினைவுக்கு வரும் நமக்கு. இவ்வளவு குளிர்ந்த, சுத்தமான, இயற்கையான சொல்லை டீசல் கரிக்கும் குப்பை எரிந்த சாம்பலுக்கும் சூட்டும்போது பழி வானத்தின்மேல் போய்விடுகிறது. 'புகைப்பனி காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று படிப்பவருக்கு அது மழை விடுமுறை மாதிரி. பருவம் வந்தது, பருவம் போகும். யார் எரித்தார்கள், யார் தடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றாது. காற்று மாசு பற்றியும் அரசு எடுக்கும் நடவடிக்கைகள் பற்றியும் தமிழில் எழுதும் அறிவியல் எழுத்தாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பி.எம். 2.5 என்ற நுண்துகள் என்றால் என்ன, ஆண்டு சராசரிக்கு இந்திய வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு வெறும் 5 என்றெல்லாம் பொறுமையாக விளக்குகிறார்கள். விளக்கிவிட்டு, அதே கட்டுரைக்குத் தலைப்பாகப் புகைப்பனி என்று போடுகிறார்கள். உள்ளே ஆயிரம் சொற்களில் கட்டியதைத் தலைப்பின் ஒரு சொல் இடித்துவிடுகிறது.

'பனிப்புகை' இதைவிட மேல். கடைசியில் புகை நிற்கிறது. இருந்தாலும் பனி முன்னால் ஒட்டிக்கொண்டு குழப்புகிறது. தீபாவளிக்கு அடுத்த வாரம் டில்லியில் கண்ணை மறைப்பது பெரும்பாலும் உலர்ந்த துகள்கள். 'நச்சுப்புகை' என்று சிலர் எழுதுகிறார்கள். கோபம் புரிகிறது, ஆனால் தொழிற்சாலையில் வாயு கசிந்தாலும் அதே சொல்லைத்தான் எழுதுகிறோம். ஒரு நகரத்தின்மேல் நாள்கணக்கில் மூடிக்கொண்டு நகராமல் நிற்பது என்ற செய்தி அதில் இல்லை. 'காற்று மாசு' இன்னும் பரந்தது. வானம் நீலமாக இருக்கும் நாளிலும் மாசு இருக்கும்.

நமக்கு வேண்டிய சொல் ஏற்கெனவே இருக்கிறது. போகியன்று சென்னையில் டயரும் பாயும் எரிந்து, காலையில் விமானங்கள் இறங்கமுடியாமல் தாமதமானால் செய்தித்தாள்கள் என்ன எழுதுகின்றன? 'சென்னையில் புகைமூட்டம்'. யாரும் குழம்புவதில்லை. சென்னையில் புகைமூட்டமாக இருப்பது டில்லிக்கு வந்ததும் பனியாவது எப்படி?

மூட்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கவேண்டும். மூடு என்பதிலிருந்து வந்தது. மேகமூட்டம் எல்லோருக்கும் தெரியும். ஊரில் வாழைத்தாரைப் பழுக்கவைக்க மூட்டம் போடுவார்கள். தாரை அறையிலோ குழியிலோ வைத்து, புகையைக் கட்டி, வெளியே போகாதபடி அடைத்துவிடுவார்கள். ராமநாதபுரம் பக்கம் போனால் கரிமூட்டம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே கனியவிடுவார்கள். இரண்டிலும் விஷயம் ஒன்றுதான், புகை இருக்கிறது, மேலே ஒரு மூடி இருக்கிறது.

நவம்பரில் டில்லிக்கு நேர்வதும் இதுவேதான். பருவமழை விலகியபின் காற்று ஓய்ந்துவிடும். இரவில் தரை சீக்கிரம் குளிரும், தரையை ஒட்டிய காற்றும் குளிரும், அதற்கு மேலே வெப்பமான அடுக்கு ஒன்று உட்கார்ந்துகொள்ளும். சாதாரண நாளில் கீழே இருக்கும் சூடான காற்று மேலே ஏறிப் புகையைக் கொண்டுபோகும். இந்த நாட்களில் ஏறமுடியாது. வானிலைக்காரர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்கிறார்கள். வண்டிப்புகை, சாலைத் தூசி, ஆலை, குப்பைத் தீ, வயல் தீ, பட்டாசு எல்லாம் அந்த மூடிக்குக் கீழே. வாழைத்தாருக்குப் போட்ட மூட்டத்தைப் பார்த்த ஒருவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பேராசிரியர்கள் கூடி இதைவிடப் பொருத்தமான சொல்லைச் செய்ய முடியாது என்பது என் கருத்து. லாஸ் ஏஞ்சலிஸ் வகைக்கு 'ஒளிவேதிப் புகைமூட்டம்' என்றால் போதும்.

புகைமூட்டம் என்றால் வீடு தீப்பிடித்ததுபோல் ஒலிக்கிறது என்று ஒருவர் சொன்னார். ஒலிக்கட்டும். எங்கோ எரிகிறது என்ற எண்ணம் வரவேண்டும், ஏனென்றால் எரிகிறது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் செய்திகளிலேயே இன்னும் இரண்டு சொற்கள் என்னைத் தொந்தரவு செய்கின்றன. ஒன்று, 'காற்றுத் தரக் குறியீடு 420 ஆக உயர்ந்தது.' தரம் உயர்ந்தால் நல்லதுதானே? இந்தக் குறியீட்டில் எண் ஏற ஏறக் காற்று கெடுகிறது. 50-க்குள் இருந்தால் நன்று, 400-ஐத் தாண்டினால் கடுமை, 450-ஐத் தாண்டினால் டில்லிக்குள் லாரிகளுக்குத் தடை வரும், அரசின் மாசுக் கட்டுப்பாடுகளில் அது நான்காம் கட்டம். 'காற்று மாசுக் குறியீடு' என்று சொல்லிவிட்டால் 'உயர்ந்தது' என்பது தானாகவே சரியான பொருளைத் தரும். ஆங்கிலத்தில் தரம் என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், படிப்பது தமிழர்.

இரண்டாவது, 'பஞ்சாபில் வைக்கோல் எரிப்பு.' இதையும் அத்தை கேட்டார், "மாட்டுக்குப் போடுற வைக்கோலை எவனாவது எரிப்பானா?" என்று. டெல்டாக்காரருக்கு வைக்கோல் என்றால் கதிரடித்த பின் போராகக் குவித்து வைப்பது, காசுக்கு விற்பது. பஞ்சாபில் எரிவது அது இல்லை. இயந்திரம் அறுத்துப்போன பின் வயலில் நிற்கும் அடித்தண்டும், அது துப்பிவிட்டுப்போன சிதறலும். நமக்கு இதற்குச் சொல் உண்டு: தாள், அரிதாள். அங்கே பராலி என்கிறார்கள். பாசுமதி அல்லாத நெல்லின் தாளில் சிலிக்கா அதிகம் என்று மாட்டுக்கு விரும்பிப் போடமாட்டார்கள், அவர்களுக்குக் கோதுமை வைக்கோல் இருக்கிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் வந்த சட்டம் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் மிச்சம். அதற்குள் வயலைக் காலிசெய்ய மலிவான வழி தீக்குச்சி. 'தாள் எரிப்பு' என்று எழுதியிருந்தால் தஞ்சாவூர் விவசாயி உடனே புரிந்துகொள்வார், அந்தப் பஞ்சாப் விவசாயியின் இக்கட்டும் அவருக்குத் தெரியும். 'வைக்கோல் எரிப்பு' என்றதும் அவனைக் கிறுக்கன் என்று நினைத்துவிடுகிறார்.

டில்லி கன்னாட் பிளேஸில் 2021-ல் நிறுவிய 24 மீட்டர் உயர ஸ்மாக் டவரை 'புகைக் கோபுரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்தால் செங்கல் சூளையின் புகைபோக்கி மாதிரி இருக்கிறது. அது காற்றை உள்ளே இழுத்து வடிகட்டும் இயந்திரம். 'காற்று வடிகட்டிக் கோபுரம்' என்றால் என்ன குறைந்துவிடும்? தண்ணீரைப் பொடியாகத் தெளித்துத் தூசியை அடக்கும் வண்டியைப் 'புகைப்பனி எதிர்ப்புத் துப்பாக்கி' ஆக்கியதையும் பார்த்தேன். அது நீர் தெளிக்கும் வண்டி.

பனியை நான் டில்லியிலிருந்து விரட்டச் சொல்லவில்லை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இங்கே உண்மையான மூடுபனி இறங்கும். ஆயிரம் மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது, சில காலைகளில் ஐம்பது மீட்டர்கூடத் தெரியாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மணிக்கணக்கில் தாமதமாகும். அதற்கு மூடுபனி என்ற நல்ல சொல் இருக்கிறது, அப்போது ஸ்வெட்டரும் வேண்டும். அந்த மூடுபனித் துளிகளில் நகரத்தின் புகை கரைந்து, பழைய லண்டன் போல இரண்டும் ஒன்றாகிற நாட்களும் ஜனவரியில் சில வரும். பனிப்புகை என்ற சொல்லை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.