ஓவர்கிளாக்கிங்: வெப்பம் பிறக்கும் இரண்டு இடங்கள்

பிராசசரைத் தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங். பிராசசர் இயங்கச் செலவாகும் மின்திறன் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. ஓரளவுக்கு மேல் வேகம் போனால், டிரான்சிஸ்டர்கள் உரிய நேரத்துக்குள் நிலைமாறக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், இரண்டையும் சேர்த்தே ஏற்றவேண்டியிருக்கிறது. இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் ஏறத்தாழ 33 சதவீதம் கூடிவிடும்.

இன்றைய பிராசசர்கள் இந்த வேலையின் பெரும்பகுதியைத் தாமே செய்துவிடுகின்றன. இன்டெல் கோர் ஐ9-13900கே-யின் அடிப்படை மின்திறன் 125 வாட். முழு மூச்சில் இயங்கும்போது அது 253 வாட் வரை போகும். 170 வாட் என்று குறிக்கப்பட்ட ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ், 230 வாட் வரை இழுக்கும். முன்னது 100 டிகிரி செல்சியஸிலும், பின்னது 95 டிகிரியிலும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவதில் பயன் அதிகமில்லை.

வெப்பம் பிறக்கும் முதல் இடம் பிராசசர் என்றால், பலர் கவனிக்கத் தவறும் இரண்டாவது இடம் மதர்போர்டு. பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை, பிராசசருக்கு வேண்டிய 1.2 வோல்ட் அளவுக்கு இறக்கித் தருவது, பிராசசர் அமரும் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் என்னும் மின்னழுத்தச் சீராக்கி. 253 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க ஏறக்குறைய 210 ஆம்பியர் பாயவேண்டும். அதை 6 ஃபேஸ்கள் (சீராக்கிக்குள் சுமையைப் பங்கிடும் இணைச் சுற்றுகள்) பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 35 ஆம்பியர். 14 ஃபேஸ்கள் பகிர்ந்தால் 15 மட்டுமே. மின்தடையால் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே தரமுள்ள மாஸ்ஃபெட்டுகளில் (ஃபேஸ்களில் மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்களில்) இந்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சீராக்கியின் திறன் 90 சதவீதம் என்று கொண்டாலும், 28 வாட் வெப்பம் போர்டிலேயே தங்கும். விஆர்எம் மீது ஹீட்சிங்க் என்னும் வெப்பம் கடத்தும் உலோகத் தகடு இல்லாத மலிவான போர்டுகளில், பிராசசர் 70 டிகிரியில் நிதானமாக இருக்கும்போதே வேகம் சட்டென்று சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லிக்விட் கூலர் பொருத்தியபின் இந்தக் கோளாறு மோசமாவதும் உண்டு. முன்பு பிராசசர் மேலிருந்த விசிறி தற்செயலாக விஆர்எம் மீதும் காற்றை வீசிக்கொண்டிருந்திருக்கும்.

வேகத்தை மாற்ற அனுமதியுண்டா என்பதைத் தீர்மானிப்பதிலும் போர்டுக்குப் பங்குண்டு. இன்டெல்லில் பொதுவாக 'கே' வகைப் பிராசசரும் இசட் வரிசைச் சிப்செட்டும் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) சேர்ந்திருக்க வேண்டும். ஏஎம்டியில் பி650 சிப்செட் போதும், ஏ620 இடம்கொடுக்காது.

போர்டின் 'ஆட்டோ' அமைப்பை நம்பிவிடவும் முடியாது. 2023-இல் சில போர்டுகள் நினைவகத்தை வேகப்படுத்தும் சாக்கில் பிராசசருக்குள் நினைவகத்தைக் கையாளும் எஸ்ஓசி பகுதிக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுத்ததால், ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகின. அதன்பிறகு ஏஎம்டி அந்த மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு விதித்தது. பழைய பயாஸில் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) ஓடும் போர்டுக்கு இந்த வரம்பு தெரியாது; அதைப் புதுப்பிக்காமல் வேகத்தில் கை வைக்கக் கூடாது.