பேக்லிங்க் பின்னிணைப்பு அல்ல

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "தளத்துக்குப் பின்னிணைப்பு நிறைய இருந்தால் கூகுளில் மேலே வருமாமே, ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசியில் என்ன சேர்க்கணும்?" அவர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். அவருக்குப் பின்னிணைப்பு என்றால் நூலின் கடைசியில் வரும் அட்டவணை, வரைபடம், கடித நகல். தப்பு அவர்மேல் இல்லை. பேக்லிங்கைப் 'பின்னிணைப்பு' என்று மொழிபெயர்த்த, அவர் பார்த்த காணொளிப் பாடத்தின்மேல்தான். இதே சொல்லை இந்த மாதம் மட்டும் நான்கு இடத்தில் கேட்டுவிட்டேன்.

பேக்லிங்க் என்பது வேறொரு தளத்திலிருந்து நம் பக்கத்துக்கு வரும் இணைப்பு, அவ்வளவுதான். வலையில் இணைப்பு ஒருவழிப் பாதை. கொடுத்தவர் பக்கத்தில்தான் பதிவாகும், பெற்றவருக்குத் தெரியாது. யார் யார் நம்மைச் சுட்டுகிறார்கள் என்று அறிய வலை முழுவதையும் துழாவித் தலைகீழாக எண்ண வேண்டும். 1996இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் அதைத்தான் செய்தார்கள். அவர்களுடைய தேடுபொறியின் முதல் பெயரே பேக்ரப், கூகுள் என்பது அப்புறம் வந்தது.

ஆக, இந்த 'பேக்' திசையைச் சொல்கிறது, இடத்தை அல்ல. ஆங்கிலத்தில் 'பேக்' வந்தாலே 'பின்' போடுகிறவர்கள் பேக்லாகைப் பாருங்கள். அதற்கு 'நிலுவை' இருக்கிறது. பேக்கப்புக்குக் 'காப்பு'. பேக்வாட்டருக்குக் 'காயல்'. இவை எதிலும் பின்னும் இல்லை, முன்னும் இல்லை.

ஃபீட்பேக்குக்குப் 'பின்னூட்டம்' மட்டும் நிலைக்கவில்லையா என்று கேட்பார்கள். நிலைத்தது. அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கவில்லை. பின்னிணைப்புக்கோ ஏற்கெனவே வேலை இருக்கிறது, ஒரு நாற்காலியில் இரண்டு பேரை உட்கார வைக்க முடியாது. 'பின்தொடுப்பு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஊரில் தொடுப்பு என்றால் என்ன பொருள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

'உள்வரும் இணைப்பு' பரவாயில்லை, ஆனால் ஒரே தளத்துக்குள் பக்கத்துக்குப் பக்கம் போடும் 'உள்ளிணைப்பு'டன் குழம்பும். தமிழ் விக்கிப்பீடியா 'இப்பக்கத்தை இணைத்தவை' என்று தெளிவாகச் சொல்கிறது. பட்டியலின் தலைப்புக்குப் பொருந்துகிறது, தனிச்சொல்லாகப் புழங்காது.

நான் 'வரவிணைப்பு' என்கிறேன். வரவு நாம் போட்டுக்கொள்வதல்ல, பிறர் தருவது. தேடல் தரவரிசையில் இதற்கு மதிப்பு வருவதும் அதனால்தான். ஒரு பக்கம் இன்னொன்றைச் சுட்டுவதை ஒரு ஓட்டுபோல எடுத்துக்கொண்டது பேஜ்ரேங்க், அதாவது பக்கங்களுக்கு மதிப்புப் போடும் கூகுளின் கணக்கு. எல்லா ஓட்டும் சமமல்ல. பலரால் சுட்டப்படும் பக்கத்தின் ஓட்டுக்குக் கனம் அதிகம். ஒரே பக்கம் நூறு பேரைச் சுட்டினால் அந்தக் கனம் நூறாகப் பங்குபடும். கள்ள வரவும் உண்டு: காசுக்கு இணைப்பு விற்பவர்கள், கருத்துப் பெட்டிகளில் முகவரியைக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள். இந்த இணைப்பை ஓட்டாக எண்ணாதே என்று சொல்லும் நோஃபாலோ குறி 2005இல் வந்தது இதனால்தான். 2012இல் கூகுளின் தேடல் கணக்கில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது இப்படிச் சேர்த்த தளங்கள் பல சரிந்தன.

அதே பாடத்தில் ஆங்கர் டெக்ஸ்ட் 'நங்கூர உரை' ஆகியிருந்தது. சொடுக்கும் சொல்லை இணைப்புச் சொல் என்றால் போதாதா? கப்பல் எங்கிருந்து வந்தது? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. இப்படி எழுதுவதைவிட பேக்லிங்க் என்றே எழுதிவிடலாம், யாரும் கட்டுரைக் கடைசியில் அட்டவணை சேர்க்கமாட்டார்கள்.

நண்பரிடம் வரவிணைப்பு என்றதும், "அப்போ செலவும் இருக்குமே?" என்றார். சரிதான், நாம் பிறருக்குத் தருவது. ஆனால் 'செலவிணைப்பு' என்று சொல்ல எனக்கே இன்னும் வாய் வரவில்லை.