செயின் துடைக்க எஞ்சின் ஓட வேண்டியதில்லை

ஆயுத பூஜை நெருங்குகிறது. வீட்டுக்கு வீடு வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கும் வாரம். போன வாரம் ஒருவர் வலது கையில் பெரிய கட்டோடு பட்டறைக்கு வந்தார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி இல்லை. வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, ஃபர்ஸ்ட் கியர் தட்டி, எஞ்சினை ஓடவிட்டு செயினைத் துணியால் துடைத்திருக்கிறார். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செயினுக்குப் பக்கத்தில் கை போகும் நேரத்தில் எஞ்சின் ஓடக் கூடாது. சாவி கழற்றிச் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

"ஐடிலில்தானே ஓடுது, மெதுவாத்தானே சுத்துது" என்பார்கள். சரி, எவ்வளவு மெதுவாக என்று பார்ப்போம். ஒரு சாதாரண 100 சிசி வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் விட்டால், நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று ஓடுகிறது. ஃபர்ஸ்ட் கியரில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, செயினை இழுக்கும் முன் பல்சக்கரம் (ஸ்பிராக்கெட்) நிமிடத்துக்கு 140 சுற்று சுற்றும். 14 பல் என்று வைத்தால் நொடிக்கு 32 கண்ணிக்கு மேல் கடந்து போகிறது. ஒரு கண்ணி 12.7 மி.மீ. ஆக, செயின் நொடிக்குச் சுமார் 40 செ.மீ. ஓடுகிறது. துணி மாட்டிக்கொண்டது என்று மூளைக்கு எட்டி நாம் கையை இழுக்கக் கால் நொடி ஆகும். அதற்குள் செயின் 10 செ.மீ. போயிருக்கும். உங்கள் நடுவிரலை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

வேகம் குறைவு என்றால் பலமும் குறைவு என்று நினைக்கிறார்கள். நேர் எதிர். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டில் நின்று கிளம்பும்போது எந்தக் கியர் போடுகிறோம்? அதே ஃபர்ஸ்ட் கியர்தான். இருப்பதிலேயே இழுவை அதிகமான கியர் அது. விரல் எலும்பு நடுவில் வந்தால் எஞ்சின் சத்தம்கூட மாறாது.

"கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்" என்பது அடுத்தது. கிளட்ச்சைப் பிடித்தாலும் சக்கரம் சுற்றிய வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் சுற்றும். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் தட்டுகள் முழுதாக விடுபடாமல் லேசாக இழுத்துக்கொண்டும் இருக்கும். நியூட்ரலிலேயே எஞ்சின் ஓடும்போது மெயின் ஸ்டாண்டில் பின்சக்கரம் தானாகச் சுற்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதனால் நியூட்ரலும் பாதுகாப்பு இல்லை. கியரில் இருக்கும்போது ஸ்டாண்டு நழுவி டயர் தரையைத் தொட்டால் வண்டி பாய்ந்து போய் எதிரில் இருப்பதில் மோதும். அது தனி ஆபத்து.

"கையுறை போட்டிருந்தேன்." கையுறையும் துணியும் விரலைக் காப்பதில்லை, உள்ளே இழுத்துக்கொண்டு போகின்றன. நாம் பயன்படுத்தும் பனியன் வேஸ்ட்டை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கும். அதில் ஒரே ஒரு நூல் கண்ணியில் சிக்கினால் போதும், துணி முழுவதும் பின்னாலேயே போகும். அந்தத் துணியை விரலில் சுற்றிப் பிடித்திருக்கும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு.

கடைசியாக, "ஓடவிட்டாத்தான் ஆயில் எல்லா இடமும் சமமா பரவும்." என்னை அதிகமாகக் கோபப்படுத்துவது இதுதான். ஓடுகிற செயினில் விட்ட எண்ணெய் பாதி சிதறி ரிம்மிலும் டயரிலும் போய் ஒட்டும். எண்ணெய் போக வேண்டிய இடம் உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி. நிற்கிற செயினில் ஒவ்வொரு கண்ணியாக விட்டால்தான் அங்கே இறங்கும். அதற்கு என்ன பெரிய வேலை? செயினில் நூற்றுச் சொச்சம் கண்ணி, பின் ஸ்பிராக்கெட்டில் நாற்பதுக்குப் பக்கமாகப் பல். வகுத்துப் பாருங்கள். பின்சக்கரத்தைக் கையால் மூன்று சுற்று சுற்றினால் மொத்தச் செயினும் உங்கள் கண்முன் வந்து போய்விடும். மூன்றே சுற்று! இதற்காகவா எஞ்சினை ஓடவிட்டு விரலைக் கொடுக்கிறீர்கள்?

இனி, செய்ய வேண்டிய முறை. லுங்கி, துப்பட்டா வேண்டாம். மோதிரம், காப்பு, மணிக்கட்டுக் கயிறு கழற்றுங்கள், நீள முடியை முடிந்துகொள்ளுங்கள். வண்டி சமதரையில் மெயின் ஸ்டாண்டில், நியூட்ரலில், சாவி வெளியே. குழந்தைகள் நாலடி தள்ளி நிற்கட்டும். சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால் அவர்களுக்குக் கை நீளும்.

துடைப்பது கீழ்ப்பக்கச் செயினில், பின் ஸ்பிராக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், வண்டி ரிவர்ஸில் போனால் எப்படிச் சுற்றுமோ அப்படி. இது முக்கியம். முன்னோக்கிச் சுற்றினால் கீழ்ச்செயின் பின் ஸ்பிராக்கெட்டின் பல்லுக்குள் போகிறது, துணியையும் அங்கேதான் கொண்டுபோகும். பின்னோக்கிச் சுற்றினால் பல்லை விட்டு விலகி வருகிறது. அப்படியும் ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற, இன்னொரு கை செயினைப் பிடிக்க வேண்டாம். ஒரு முழம் நகர்த்துங்கள், நிறுத்துங்கள், துடையுங்கள், கையை எடுங்கள், அடுத்த முழம். கையால் வேகமாகச் சுழற்றிவிட்ட சக்கரமும் விரலை நசுக்கும்.

மெயின் ஸ்டாண்டு இல்லாத வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, நண்பனைப் பிடிக்கச் சொல்லிப் பின்சக்கரத்தைத் தூக்காதீர்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டு (பேடாக் ஸ்டாண்டு) இருந்தால் சரி. இல்லையென்றால் ஒரு முழம் தள்ளுங்கள், சைடு ஸ்டாண்டு போடுங்கள், தெரிகிற பகுதியைத் துடையுங்கள், மறுபடி தள்ளுங்கள். சக்கரம் மூன்று சுற்று சுற்ற ஏறத்தாழ ஆறு மீட்டர் இடம் போதும்.

கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல், கூடவே ஒரு பழைய பிரஷ். கம்பி பிரஷ் வேண்டாம். கண்ணிகளுக்கு நடுவே ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினாக இருந்தால் கம்பி அந்த வளையத்தைக் கிழித்துவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதுவும் ரப்பரைக் கெடுக்கும். பூஜை நாளில் பக்கத்திலேயே விளக்கும் கற்பூரமும் எரிந்துகொண்டிருக்கும். கழுவியதைத் துடைத்து உலரவிட்ட பிறகு 90 நம்பர் கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே. கீழ்ச்செயினின் உள்பக்கத்தில், அதாவது மேலே பார்த்திருக்கும் பக்கத்தில் விடுங்கள். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இரவில் செய்து காலையில் ஓட்டுவது இன்னும் நல்லது. கிரீஸ் பூசினால் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழித்த எஞ்சின் ஆயிலில் இரும்புத் துகள் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே.

செயினின் தொய்வு பார்ப்பதற்கும் எஞ்சின் தேவையில்லை. கீழ்ச்செயினின் நடுவில் ஸ்கேலை நிறுத்தி, ஒரு குச்சியால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு மொத்தம் 20 முதல் 30 மி.மீ. உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கிறது. மூன்று நான்கு இடத்தில் அளந்து, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தைக் கணக்கில் எடுங்கள். பின்சக்கர அச்சின் (ஆக்சில்) நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். இரு பக்கமும் அட்ஜஸ்டர் அருகே உள்ள அளவுக் கோட்டில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஆக்சிலை முழுதாக முறுக்கிய பின் தொய்வை மறுபடி அளங்கள், முறுக்கும்போது மாறும். டிரம் பிரேக் வண்டியென்றால் பிரேக் பெடலின் தொய்வையும் அப்போதே சரிசெய்ய வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். செயின் லாக் (செயினின் இரு முனையையும் இணைக்கும் கண்ணியில் மாட்டும் கிளிப்) போட்டவர்கள் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று ஒருதடவை பாருங்கள். ஸ்பிராக்கெட்டின் பல் கூராகி ஒரு பக்கம் வளைந்திருந்தால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் செட்டாக மாற்ற வேண்டியதுதான், செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை.

செயின் கவரையும் சேலை கார்டையும் அழகுக்காகக் கழற்றிப் போடுகிறவர்களே, அவற்றைத் திரும்ப மாட்டுங்கள். பின்னால் உட்காருபவரின் உடை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி 123 சொல்கிறது. உங்கள் அம்மாவும் மனைவியும் மகளும்தான் அந்த சீட்டில் உட்காருகிறார்கள்.

இத்தனையும் மீறி விரல் சிக்கிவிட்டால் முதலில் எஞ்சினை அணையுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நியூட்ரலுக்கு மாற்றி, சக்கரத்தைச் சிக்கிய திசைக்கு எதிராக மெதுவாகக் கையால் சுற்றினால் விரல் வெளியே வரும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். ரப்பர் பேண்டு, கயிறு கட்டாதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் போடாதீர்கள்.

துண்டான பகுதியைத் தேடி எடுங்கள். அதைக் கழுவித் தேய்க்க வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு கருகிவிடும். செயினில் நசுங்கிய விரலை ஒட்டவைப்பது கடினம்தான், அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர். 108-ஐ அழைத்து, கை அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எத்தனை மணிக்கு நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் கட்டாயம் கேட்பார். மயக்கமாக வருகிறது என்று சொன்னாலும், போகிற வழியில் டீயோ ஜூஸோ வாங்கிக் கொடுக்காதீர்கள்.